இருபதாம் லெவல்

நித்தி அண்ணாவுக்குக் கோபம் வராத ஒரு நாளை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூட வாசலில் யாராவது காரைக் குறுக்கே நிறுத்தினால் கோபம். மகளின் புத்தகப் பை தரையில் உரசினால் கோபம். மழை பெய்தால் கோபம், அதுவும் மெல்பேர்ணில் இருந்துகொண்டு. நித்தியானந்தன் என்ற முழுப் பெயரை யாராவது ஆங்கிலத்தில் இழுத்துச் சொல்லித் தடுமாறினால் அதற்குத் தனிக் கோபம். எனக்கும் கோபம் ஒன்றும் குறைச்சல் இல்லை. நான் மதுரைக்காரி, அவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்றாலும் எங்களுக்குள் ஒத்துப்போனது அதனால்தான் என்று நினைக்கிறேன். அவர் கதையைச் சொல்ல உட்கார்ந்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. நடுவில் கொஞ்சம் சத்தம் போட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிள்ளைகள் மெல்பேர்ணின் நோபல் பார்க் பகுதியில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே முதலாம் வகுப்பில் படித்தார்கள். அவர் மகள் ஆரபி, என் மகன் விவேக். அந்த வகுப்புக்கு ஒரு வாரம் என்பது ஒரு நல்ல சக்கரம். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, சனி ஞாயிறில் என்ன செய்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்லுவார்கள். செவ்வாயன்று சொல் அட்டைகள். வியாழனன்று பகடை உருட்டிக் கூட்டல் கழித்தல். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் புதுப் புத்தகங்கள் வரும், யாருக்காவது ஒரு சான்றிதழும் கிடைக்கும். நடுவில் புதன்கிழமை வாசிப்பு. அன்று விருப்பமுள்ள பெற்றோர் வந்து, வகுப்புக்கு வெளியே நடைபாதையில் போட்டிருக்கும் சின்னக் கதிரைகளில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையாக வாசிக்கக் கேட்கலாம். தன் பிள்ளையைத் தானே கேட்கக் கூடாது என்பது மட்டும் சட்டம்.

இதில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். குறை சுவரில் இருந்தது.

வகுப்பாசிரியை மிஸ் ஹெதர் சின்னப் பெண். ஆசை ஆசையாகப் பச்சைத் தாளில் நீளமாக ஒரு கம்பளிப்பூச்சி வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தார். அதன் உடம்பில் ஒவ்வொரு வளையமும் ஒரு வாசிப்பு லெவல். ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் ஒரு இலையில். பிள்ளை ஒரு லெவல் ஏறினால் இலையும் ஒரு வளையம் நகரும். பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும் என்று நினைத்தாராம். தமிழ்ப் பெற்றோரின் கண்ணில் அது பட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

டண்டினொங் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பேன். பின்னால் ஒரு குரல், "விவேக் இப்ப எந்த லெவல்?" த பேசின் என்ற ஊரில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் சர்க்கரைப் பொங்கலுக்கு வரிசையில் நிற்பேன். அங்கேயும் அதே. நலமா என்று கேட்பதை இவர்கள் எப்போது விட்டார்கள் என்று தெரியவில்லை. கல்யாணசுந்தரம் என்று ஒரு அங்கிள் இருக்கிறார், ஓய்வுபெற்ற எஞ்சினியர். அவர் பேரன் துஷாந்தும் அதே வகுப்பு. திருநீறு பூசிக்கொண்டே பேரனின் லெவலைச் சொல்லுவார், நாம் கேட்காமலே. என் மகன் ஒன்பதில் நிற்கிறான் என்று சொன்னால், ஏதோ காய்ச்சலில் கிடக்கிறான் என்று சொன்னதுபோல முகத்தை வைத்துக்கொள்வார். ஆறு வயதுப் பிள்ளை ஐயா அது. ஒன்பதில் நின்றால் என்ன, தொண்ணூறில் நின்றால் என்ன?

அந்தக் கம்பளிப்பூச்சியின் தலைக்குப் பக்கத்தில், துஷாந்தையும் தாண்டி, இருபதாம் வளையத்தில் இருந்தது ஆரபியின் இலை.

நித்தி அண்ணா டண்டினொங் சவுத்தில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். விடியுமுன் போய் மத்தியானம் திரும்பும் வேலை. புதன்கிழமை லீவு, அதற்குப் பதிலாக ஞாயிறு வேலை. ஏஎல் பரீட்சை, அதாவது எங்கள் ஊர் பிளஸ் டூ மாதிரி, எழுத வேண்டிய வருடத்தில் யுத்தம் அவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கி வெளியே போட்டது. பிறகு இந்த நாட்டில் ஒரு விசாவிலிருந்து இன்னொரு விசாவுக்கு என்று காத்திருந்ததிலேயே இளமை போய்விட்டது. அந்தக் கோபம் எல்லாம் சேர்ந்து அவருக்குள் ஒரே ஒரு ஆசையாக இறுகியிருந்தது. மகள் படிக்க வேண்டும். "என்னைப் போல பெட்டி தூக்க விடமாட்டன்" என்று அவர் சொல்லும்போது யாரையோ அடிக்கப் போவது போல இருக்கும்.

ஆனால் புதன்கிழமைகளில் அவரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய உடம்பை அந்தச் சின்னக் கதிரையில் இறக்கிவிட்டு, பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் விரலோடு சேர்ந்து தானும் குனிந்து பார்ப்பார். விவேக் ஒரு சொல்லில் திக்கினால் மிஸ் ஹெதர் சொல்லிக் கொடுத்த மாதிரியே வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். "அவசரமில்லை ராசா, பார். முதல் எழுத்துக்கு என்ன சத்தம்?" என்பார். சொல்லை எடுத்துக் கொடுக்கவே மாட்டார். என் மகனுக்கு வாசிப்பு வந்ததில் பாதி அவர் கொடுத்த பொறுமை. அதை நான் எங்கேயும் சொல்லுவேன்.

அந்தப் பொறுமை வீட்டுக்குப் போகாது. வீட்டில் அவர் தன்னைப் படிப்பித்த முறையையே கையில் எடுத்தார். அவர்கள் குசினி என்று சொல்லும் சமையலறையில், மேசை முன்னால் மகளை உட்கார வைத்து, புதுப் புத்தகத்தில் ஒரு வரியை அவர் வாசிப்பார், பிள்ளை திருப்பிச் சொல்லும். அடுத்த வரி. அடுத்த பக்கம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பிள்ளை புத்தகத்தை மூடிக்கொண்டும் சொல்லும் அளவுக்குப் பாடமாக்கினால்தான் இரவுச் சாப்பாடு. ஒருமுறை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்தேன். ஆரபி கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, காதை மட்டும் அப்பாவிடம் கொடுத்திருந்தாள்.

"மிஸ் சொன்னது வேற மாதிரி இல்லையாண்ணா? பிள்ளை தானாக் கண்டுபிடிக்கணும்னுதானே" என்றேன்.

"அது வெள்ளைக்காரப் பிள்ளையளுக்கு, தங்கச்சி. எங்களையெல்லாம் இப்பிடித்தானே படிப்பிச்சது. வாய்ப்பாடு மறந்திட்டோமோ?"

அவர் மனைவி இராஜேஸ்வரி தேத்தண்ணியை வைத்துவிட்டு, "இருபது" என்றார் என்னிடம், மெதுவாக. பெருமை தாங்க முடியவில்லை அவருக்கு.

பள்ளியின் இரண்டாம் பருவத்தில் ஒரு புதன்கிழமை ஆரபியைக் கேட்பது என் முறை. அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தபோது அதன் ஓரம் ஒட்டியிருந்தது. மாம்பழச் சாறு சிந்தியிருக்க வேண்டும். பஸ் சாரதி ஒருவரின் கதை. வாசிக்கத் தொடங்கினாள், தண்ணீர் பட்ட பாடு. நிறுத்தம் இருக்கும் இடத்தில் நிறுத்தி, கேள்வி வரும் இடத்தில் குரலை உயர்த்தி, அசல் நித்தி அண்ணாவின் ஆங்கிலம். நடுவில் ஒட்டியிருந்த இரண்டு தாள்கள் சேர்ந்தே புரண்டன. படத்தில் பஸ் கடற்கரைக்கு வந்துவிட்டது, நாய் ஒன்று மணலில் ஓடுகிறது. ஆரபியின் வாயிலோ பஸ் இன்னும் பாலத்தின்மேல் நிற்கிறது, பழுதாகிப் புகை விடுகிறது. அந்த வாக்கியம் முடிந்ததும் பக்கத்தைப் புரட்டிவிட்டு, கடற்கரைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே படத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நான் எதுவும் சொல்லாமல், பக்கத்தில் கிடந்த வேறொரு புத்தகத்தை நீட்டினேன். லெவல் ஐந்தோ ஆறோ. அவள் அதைத் திறந்து பார்த்துவிட்டு, மூடி என் மடியில் வைத்தாள்.

"இது அப்பா இன்னும் வாசிக்கேல்லை அன்ரி."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? பிள்ளைமேல் இல்லை. நடைபாதையின் அந்தக் கோடியில் என் மகனுக்காக வாயை மூடிக்கொண்டு காத்திருந்த அந்த மனுஷன்மேல்.

மிஸ் ஹெதரிடம் சொன்னேன், பார்க்கிறேன் என்றார். கார் நிறுத்தும் இடத்தில் நித்தி அண்ணாவிடமும் சொன்னேன், என்னால் முடிந்த அளவு தணிவாக. "அண்ணா, ஆரபி வாசிக்கல. மனப்பாடமா ஒப்பிக்கிறா."

அவர் முகம் கறுத்தது. "என்ர பிள்ளை கள்ளம் செய்யுறாள் எண்டு சொல்லுறீங்களோ?"

"அப்படிச் சொல்லல. வேற புத்தகம் குடுத்தா அவளால ஒரு சொல்கூட..."

"உங்கட மகன் ஒன்பதில நிக்கிறான். எங்கட பிள்ளை இருபதில நிக்கிறாள். எனக்கு விளங்குது, தங்கச்சி. எல்லாம் விளங்குது."

"வார்த்தையை அளந்து பேசுங்கண்ணா" என்றேன். இத்தனை நாள் பழகிய பழக்கத்துக்குப் பொறாமை என்று ஒரு பெயர் வைத்துவிட்டாரே என்று காருக்குள் உட்கார்ந்து அழுதேன். பிறகு, அழுததற்காக என்மேலேயே கோபப்பட்டேன்.

அன்று பின்னேரம் இராஜேஸ்வரியிடமிருந்து போன் வந்தது. "ஹம்சா, ஒருக்கா வாறீங்களோ? இவர் பிள்ளையைப் போட்டுக் கத்துறார்." போகக் கூடாது என்றுதான் இருந்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

குசினி மேசையில் நூலகத்துப் புத்தகம் ஒன்று விரித்திருந்தது. ஆரபியின் கன்னமெல்லாம் ஈரம். நித்தி அண்ணா நின்றுகொண்டு விரலால் தாளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எழுத்தைப் பார். பாத்து வாசி. இவ்வளவு நாளும் வாசிச்சனி தானே?"

பிள்ளை புத்தகத்தைத் தூக்கி மூக்குக்கு நேரே கொண்டுபோனாள். பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள். பிறகு தலையை ஒரு பக்கம் சரித்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கினாள்.

"நீங்கள் ஒருக்கா வாசியுங்கோ அப்பா. பிறகு நான் வாசிக்கிறன்."

"ஏன், இதில இருக்கிறது தெரியேல்லையோ?"

"எழுத்து நிக்குதில்லை. ஓடுது."

"பொய் சொல்லாத."

"நிறுத்துங்கண்ணா" என்றேன். அந்த வீட்டில் அவரை விடச் சத்தமாக யாரும் பேசியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் நிறுத்திவிட்டார். "அவ பொய் சொல்லல. அவளைப் பாருங்க, புத்தகத்தை எப்படிப் பிடிக்கிறான்னு பாருங்க. நாளைக்கே கண் டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

இராஜேஸ்வரிதான் முதலில் வாயைத் திறந்தார். "ஆறு வயசில கண்ணாடியோ? பொம்பிளைப் பிள்ளை, ஹம்சா."

அப்போது நான் சொன்னதை எல்லாம் இங்கே எழுத முடியாது. ஆறு வயதுக் குழந்தைக்குக் கண் தெரிகிறதா என்று கேட்டால், அதற்குக் கல்யாணம் ஆகுமா என்று கவலைப்படும் ஊரைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன். என் ஊரும் அதில் சேர்த்திதான். இராஜேஸ்வரி அழுதார். நித்தி அண்ணா கதிரையில் உட்கார்ந்து, மகள் அந்தப் புத்தகத்தை மறுபடியும் மூக்கருகே கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாளும் பக்கத்தில் இருந்தும் அவர் புத்தகத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

கண் பரிசோதனைக்கு என்னையும் வரச் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை. "வாங்கோ தங்கச்சி, டொக்டர் இங்கிலீசில அவசரமாச் சொன்னா எனக்குப் பிடிபடாது" என்றார், அவ்வளவுதான். டண்டினொங்கில் ஒரு வியட்நாமியப் பெண் மருத்துவர், அமைதியான ஆள். கண்ணில் மருந்து விட்டு, விளக்கடித்து, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். முடிந்ததும் பிள்ளைக்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார். இரண்டு கண்ணிலும் தூரப்பார்வைக் கோளாறு, கிட்டே இருப்பது சரியாகத் தெரியாது. பெரிய எழுத்து என்றால் சமாளித்திருப்பாள், லெவல் ஏறி எழுத்துச் சிறுத்ததும் எதுவும் தெரிந்திருக்காது. இடது கண் இன்னும் மோசம், மூளை அந்தக் கண்ணைக் கைவிடத் தொடங்கிவிட்டது. கண்ணாடி போட வேண்டும், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடி, மற்றதை வேலை வாங்க வேண்டும். முன்னமே வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இப்போது எவ்வளவு திரும்பி வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

"ஆனால் அவள் லெவல் இருபதில் இருக்கிறாள்" என்றார் நித்தி அண்ணா ஆங்கிலத்தில். அதை ஒரு ஆதாரம்போல முன்னால் வைத்தார்.

மருத்துவர் ஆரபியைப் பார்த்துச் சிரித்தார். "அப்படியானால் மிகவும் கெட்டிக்காரப் பிள்ளை. கேட்டுக் கேட்டே அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்."

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போய்த்தான் கார் நின்றது. அவருக்குக் கோபத்தை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டியிருந்தது. எனக்கும்தான்.

மிஸ் ஹெதர் தனியாக உட்கார்ந்து, பகடைகளை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். நித்தி அண்ணா சொல்லி முடிக்கும் முன்பே அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குக் கொடுத்த புத்தகத்தையே வகுப்பிலும் வாசிக்கக் கேட்டதாகச் சொன்னார். ஒரு பிழை இல்லாமல் வாசித்தாளாம். திக்குகிற பிள்ளைகளுக்கே நேரமெல்லாம் போய்விட்டதாம்.

"நீங்கள் வேறொரு புத்தகம் கொடுத்துப் பார்த்திருக்கலாம்" என்றார் நித்தி அண்ணா.

"ஆமாம், பார்த்திருக்கலாம்" என்றார் அந்தப் பெண்.

சண்டைக்கு வந்த மனுஷனுக்கு அதற்கு மேல் பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகளை ஒரு இளம் பெண்ணிடம் விட்டுவிட்டு, நன்றாக வாசிக்கிறவளைக் கவனிக்கவே நேரமில்லாமல் வைத்தவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம். ஆனால் அவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை. சுவரில் கம்பளிப்பூச்சி மட்டும் இருந்தது. நித்தி அண்ணா அதன் முன்னால் போய் நின்றார். பிறகு இருபதாம் வளையத்திலிருந்து மகளின் இலையை உரித்து, வால் பக்கம் நடந்து போய், முதல் வளையத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். மிஸ் ஹெதர் தடுக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கம்பளிப்பூச்சியே இல்லை. அதற்குப் பதிலாக, ஒரு புத்தகம் வாசித்து முடித்தால் ஒரு வண்ணத்துப்பூச்சி என்று கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் நம் அம்மாக்கள் அண்ணாந்து நின்று வண்ணத்துப்பூச்சிகளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். இவர்களை என்ன செய்வது, சொல்லுங்கள்.

அதன் பிறகு ஆரபி ஒரு கண்ணில் பூப்போட்ட பட்டை ஒட்டி, தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். புதன்கிழமைகளில் லெவல் ஒன்றிலிருந்து வாசித்தாள். ஒரு வரிக்கு மூன்று முறை மூச்சு வாங்குவாள். கைவிட்ட கண்ணால் அல்லவா வாசிக்கிறாள். வீட்டில் நித்தி அண்ணா இப்போது என்ன செய்கிறார் என்று இராஜேஸ்வரியைக் கேட்டேன். "கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார், ஹம்சா. வாய் மட்டும் அசையுது" என்றார்.

போன மாதம் த பேசின் கோயிலுக்கு நாங்கள் எல்லோரும் போனோம். நித்தி அண்ணா அன்று ஞாயிறு வேலையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். நல்ல கூட்டம். வாசலில் செருப்பு வைக்கும் இடத்துக்கு மேலே ஆங்கிலத்தில் ஒரு பலகை உண்டு, செருப்பை இங்கே விடவும் என்று. ஆரபி செருப்பைக் கழற்றாமல் அதற்கு முன்னால் நின்றுவிட்டாள். தலையைச் சரித்து, மூடாத கண்ணைப் பலகையில் ஊன்றினாள். முதல் சொல்லின் முதல் எழுத்துக்குச் சத்தம் சேர்த்தாள். பிறகு இரண்டாம் எழுத்து. பின்னால் வரிசை நின்றுவிட்டது.

கல்யாணசுந்தரம் அங்கிள் சரியாக எங்களுக்குப் பின்னால் இருந்தார். பிள்ளையின் கண் பட்டையைப் பார்த்துவிட்டு, "என்ன நித்தி, கண்ணில ஏதும் பிழையோ?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "இப்ப எந்த லெவல்?"

"முதலாவது."

"இருபதில எல்லோ நிண்டவள்?"

"அது நான் வாசிச்சது, அங்கிள். இது அவள் வாசிக்கிறாள்."

அங்கிளுக்கு அது விளங்கியதா என்று தெரியவில்லை. பின்னாலிருந்து யாரோ, பூசை தொடங்கப் போகுது, நகருங்கோ என்றார்கள். இன்னொருவர் அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளைக்கு உரக்கச் சொல்ல வாயெடுத்தார். ஆரபி இரண்டாவது சொல்லில் திக்கி நின்றிருந்தாள். நித்தி அண்ணாவின் உதடுகள் அந்தச் சொல்லைச் சொல்ல அசைந்தன. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு திரும்பி, கோயில் வாசல் என்றும் பார்க்காமல், அந்த வரிசை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஒருத்தரும் சொல்லிக் குடுக்காதேங்கோ. பிள்ளை வாசிக்குது."

நாங்கள் எல்லோரும் செருப்போடு வெயிலில் நின்றோம். அவள் மூன்றாவது சொல்லுக்கு வந்துகொண்டிருந்தாள்.